தேர் இழுத்த செவ்வாய்க்கிழமை

பத்து லிண்டாங் தோட்டம்,
கோலா பிலா.
18 ஜூன் 2025

ரஜனி துரைசிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கும் உறவு நமக்குள் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு நீதிமன்றத்தில் முடிந்துவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாரியத்துக்கு முறைப்படி ஒரு மறுப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அது ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதை அறிவேன். ஆகவே இதை உங்கள் வீட்டுக்கு எழுதுகிறேன். அம்பாங்கானில் உங்கள் தந்தையார் வாங்கிய வீட்டை விட்டு நீங்கள் போயிருக்க வாய்ப்பில்லை.

நேற்று எங்கள் தோட்டத்துப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாநிலக் குடும்ப நலச்சேவை வாரியம் இந்த மையத்துக்கு எதையும் ஒதுக்கப்போவதில்லை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து இங்கே வரும் மனவளர்ச்சி குன்றிய பத்தொன்பது பேரும் இனி மம்பாவ் மையத்துக்குப் போகவேண்டும். காரணம், பயன்பாடு குறைவு. ஆதாரம், மே இருபதாம் தேதி முன்னறிவிப்பின்றி நடந்த மேற்பார்வைச் சோதனை. அதன் முடிவு இரண்டே வரி: ‘வந்திருந்தோர் ஒருவர். பணியாளர் ஒருவர்.’ கீழே, மேற்பார்வைப் பிரிவின் துணை இயக்குநர் என்ற முறையில் உங்கள் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை. கடைசி எழுத்தின் வாலை இன்னும் அப்படியேதான் இழுக்கிறீர்கள்.

மையத்தை நடத்தும் மங்கம்மாவிடம் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “ஒரு மேடம் வந்தாங்க சார். கழுத்துல அட்டை போட்டிருந்தாங்க. எல்லாரும் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. தம்பி பக்கத்துல ஒக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. டீ போடவான்னேன், வேணாம்னுட்டாங்க. தம்பி பேரு என்னான்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. ரெண்டு வாட்டியும் சொன்னேன் லா, ஷர்வின்னு.”

பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நீங்கள் இருந்திருக்க முடியாது. அந்தப் பெயரை வைத்தவரே நீங்கள்தான்.

எனவே எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே. உங்கள் அறிக்கையில் ‘ஒருவர்’ என்று எழுதினீர்களே, அவர் உங்கள் மகன் என்று தெரிந்தே எழுதினீர்களா?

இப்படிக்கு,
ஹேமநாதன்


அம்பாங்கான்,
சிரம்பான்.
27 ஜூன் 2025

ஹேமநாதனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதிவு அஞ்சலில் வந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். யாரோ இறந்துவிட்டதாக நினைத்தாராம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? என் கைப்பேசி எண்ணை உறையின் உள்ளே எழுதியிருக்கிறேன்.

அலுவல் விஷயத்தை முதலில் சொல்கிறேன். வாரியத்துக்கு அடுத்த ஆண்டு கிடைக்கும் தொகை குறைந்திருக்கிறது. எந்த மையத்தில் பன்னிரண்டு பேருக்குக் குறைவாக வருகிறார்களோ அதை இணைக்கலாம் என்பது நிதிக்குழுவின் விதி. அதை நான் எழுதவில்லை. சோதனைக்குப் போகிற அதிகாரி கண்ணால் கண்டதை மட்டுமே எழுதவேண்டும். கதவு பூட்டியிருந்தால் ‘சோதனை நடக்கவில்லை’ என்று எழுதி இன்னொரு நாள் போகவேண்டும். கதவு திறந்திருந்தால் உள்ளே இருப்பவர்களை எண்ணவேண்டும். கதவு திறந்திருந்தது. எண்ணினேன்.

மறுப்புக் கடிதத்துக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் வரும். கோலா பிலாவில் ஒரு பொதுக் கருத்துக் கூட்டமும் நடக்கும். அங்கே நீங்கள் பேசலாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை மூன்று நாளாக மேசையில் வைத்திருந்தேன்.

அவன் உங்களைவிட உயரமாகிவிட்டான், இல்லையா?

ரஜனி


பத்து லிண்டாங் தோட்டம்.
5 ஜூலை 2025

ரஜனி,

கைப்பேசியில் பேசுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அதில் நான் கேட்பதற்கு நீ ஒரு சின்ன மஞ்சள் முகத்தை அனுப்பிவிட்டு இருந்துவிடலாம். தாளை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. மூன்று நாள் மேசையில் கிடந்ததாக நீயே எழுதியிருக்கிறாய்.

மரியாதைப் பன்மையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அதிகாரிக்குத் தந்தது அது. தெரிந்தே எழுதினாய் என்று தெரிந்தபிறகு அதற்கு அவசியமில்லை.

கண்ணால் கண்டதை எழுதினாய். காணாததை நான் சொல்கிறேன். வைகாசியின் முதல் செவ்வாய்க்கிழமை பத்து லிண்டாங் மாரியம்மன் கோவில் தேர்நாள். நீ இங்கே ஒன்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவள். உனக்கு நினைவிருக்க வேண்டும். நீ போனபிறகு வந்த வழக்கம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொள். தேர் நிலையை விட்டு நகரும்போது முதல் வடத்தைப் பிடிப்பவர்கள் மையத்துப் பிள்ளைகள்தாம். அவர்கள் கைவைக்காமல் வேறு எவனும் கைவைக்கமாட்டான், வேலையாட்களை மேற்பார்க்கும் தோட்ட மண்டோர் உட்பட. ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில் இதே பிள்ளைகளை லயத்து வீட்டுக்குள் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவர்கள் இவர்கள். இன்று புதுவேட்டி கட்டி முன்னால் நிறுத்துகிறார்கள். உன் கார் கோவிலைத் தாண்டித்தான் வந்திருக்கவேண்டும். உறுமி மேளச் சத்தம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்காது போலும்.

அன்று மையத்துக்கு விடுமுறை. தோட்டம் முழுவதற்கும் தெரிந்த விஷயத்தை வாரியத்துக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படியென்றால் கதவு ஏன் திறந்திருந்தது? ஷர்வினுக்காக. அவனால் உறுமிச் சத்தத்தைத் தாங்க முடியாது. காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். நான் தேர்க்கமிட்டியில் இருப்பதால் அன்று வீட்டில் இருக்க இயலாது. எனவே மங்கம்மா ஆண்டுதோறும் தேரை விட்டுவிட்டு, அவன் ஒருவனுக்காக மையத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். பூட்டிவிட்டுப் போயிருந்தால் நீ வேறொரு நாள் வந்து பத்தொன்பது பேரைப் பார்த்திருப்பாய். உன் மகன்மேல் ஒரு பெண் வைத்த இரக்கத்தை எடுத்து நீ அந்த மையத்தை மூடும் சாவியாக்கிவிட்டாய்.

மம்பாவுக்கு அனுப்பலாம் என்று எழுதும் நிதிக்குழுவுக்கு புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வழி ஒருமுறை வேனில் அவனோடு போய்வரப் பரிந்துரைக்கிறேன். முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பான். பெருந்தொற்றுக் காலத்தில் மையம் மூடிக்கிடந்தபோது தன் மணிக்கட்டைத் தானே கடித்துக் குதறினான். தழும்பை நீ பார்த்திருப்பாய். அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே.

உன்னிடம் நான் இரக்கம் கேட்கவில்லை. உங்கள் வாரியத்தின் நடத்தை விதிகளை வாங்கிப் படித்தேன். சோதனைக்குப் போகும் அதிகாரிக்குப் பயனாளிகளில் எவரோடும் உறவிருந்தால் அதை எழுதி அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் செய்த சோதனை செல்லாது. அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. ‘பயனாளியுடன் உள்ள உறவு’ என்று அச்சிட்டு எதிரே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் ஒரு சொல் எழுது. போதும்.

ஹேமநாதன்


அம்பாங்கான்.
20 ஜூலை 2025

ஹேமநாதனுக்கு,

இந்தப் பதிலை அலுவலகத்தில் எழுத முடியாது. வீட்டிலும் எளிதாக இல்லை. அம்மா போனபிறகு இந்த வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் அந்தச் சத்தம் எல்லா அறைக்கும் போய்த் திரும்பி வருகிறது.

நீங்கள் கேட்கும் சொல்லை எழுதினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பிறகு உங்கள் முடிவு.

நிதிக்குழுவில் தோட்டப்புற மையங்களுக்காகப் பேசும் ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்குத் தோட்டங்கள் என்றால் பழைய காலம். எல்லாரும் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் உங்கள் மையத்தின் பெயர் வெட்டும் பட்டியலில் வரும். ஆண்டுதோறும் நான் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தேன். உறவை அறிவித்தால் அந்த நிமிடமே கோப்பு என் கையை விட்டுப் போய்விடும். வேறொருவர் வந்து பத்தொன்பது பேரைப் பார்ப்பார், சரி. அதற்கடுத்த ஆண்டு அந்த அறையில் யார் பேசுவார்கள்? இந்த முறை ஓராண்டு அவகாசம் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். இன்னும் நினைக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் அவனைக் காப்பாற்ற முடியும்.

இன்னொன்று. வேலையில் சேரும்போது பிள்ளைகள் விவரத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். வாரியத்தில் யாருக்கும் தெரியாது. அம்மா அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “சனத்துக்கு என்ன சொல்லுறது, பிள்ளை? அவன் தகப்பனோட இருக்கட்டும். நீ உன்ர வேலையைப் பார்.” உங்கள் இருவரையும் விட்டுப் போன அந்த வருடத்தைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். அதைப் பற்றி உங்கள் வாதத்தை நீதிமன்றத்தில் முழுதாகக் கேட்டுவிட்டேன்.

அன்று சோதனைக்கு என் பெயர் முறைவரிசையில் வந்தது. வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பத்தொன்பது பேருக்கு நடுவில் நின்று யாருக்கும் தெரியாமல் அவனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். உள்ளே போனால் அவன் மட்டும் இருந்தான். ஒளிந்து பார்க்க ஒருவர்கூட இல்லை.

ஓலை ஈர்க்குகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான், விளக்குமாறு கட்டுவதற்கு. நான் உட்கார்ந்ததை அவன் பார்க்கவே இல்லை. எழுந்திருக்கும் நேரத்தில் ஓர் ஈர்க்கை எடுத்து என் கையில் வைத்தான். அதன் பிறகு காரில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதினேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். எண்ணுவதைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் எனக்கு வரவில்லை.

அந்த ஈர்க்கு என் பேனாக் குவளையில் இருக்கிறது.

ரஜனி


பத்து லிண்டாங் தோட்டம்.
3 ஆகஸ்ட் 2025

ரஜனி,

அந்த ஈர்க்கில் பொருள் தேடாதே. மின்விசிறி பழுது பார்க்க வந்தவனுக்கும் ஒன்று கொடுத்தான். மாவட்ட அதிகாரிக்கு இரண்டு கொடுத்தான். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கொடுப்பான். அவனுக்கு அதில் ஆள் வித்தியாசம் இல்லை.

காப்பாற்றுவதாக எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை உன்னிடமிருந்து கேட்பது இது இரண்டாம் முறை. போகும்போதும் அப்படித்தான் சொன்னாய். சண்டை போடும் இரண்டு பேருக்கு நடுவில் வளராமல் அவனைக் காப்பாற்றப் போவதாக. நீ காப்பாற்றும்போதெல்லாம் அவன் தனியாகத்தான் இருக்கிறான்.

உன் தந்திரத்தின் பலனைச் சொல்கிறேன். அவகாசம் வாங்கப்போகிறாய் அல்லவா? உங்கள் நிதிக்குழு அதற்குக் காத்திருக்கவில்லை. எப்படியும் மூடப்போகும் மையத்துக்கு எண்ணெய்ச் செலவு எதற்கு என்று, பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றிப்போகும் வேனை ஆகஸ்ட் முதல் தேதியே நிறுத்திவிட்டார்கள். வேனை நிறுத்தினால் வருகை குறையும். குறைந்த வருகையைக் காட்டி மூடலாம். இதற்குப் பெயர் மேற்பார்வை. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்கு உரம் போடாமல் விட்டுவிட்டு, குலை தள்ளவில்லை என்று மரத்தை வெட்டச் சொல்லும் நிர்வாகியை இந்தத் தோட்டத்தில் ஒரு மாதம்கூட வேலையில் வைத்திருக்கமாட்டார்கள். நான் மண்ணாய்வு படித்தவன். எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஷர்வின் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு வெளிக்கேட்டில் போய் நின்றான். வேன் வரவில்லை. வராது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? கையைப் பிடித்து உள்ளே அழைத்தேன், உதறினான். என் மோட்டார் சைக்கிளில் மையத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தேன், ஏறவில்லை. அவனுக்கு வேன்தான் மையம். வெயில் ஏறியபிறகு நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. லாரிகள் போய்வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் ஓர் அடி முன்னால் வைத்தான். பொழுது சாயும்வரை நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அவன் பேசமாட்டான். எனக்குப் பேச வேறு ஆள் இல்லை.

சாயங்காலம் மங்கம்மா வந்தார். நீ யார் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. கேட்டின் அந்தப் பக்கம் நின்றபடி சொன்னார்: “அந்த மேடத்துக்கும் நம்ம தம்பிக்கும் ஒரே கண்ணு சார். நான் அன்னைக்கே பாத்தேன். வந்தவங்க சும்மா வந்திருக்கலாம் லா. அட்டைய மாட்டிக்கிட்டா வரணும்?”

பத்தொன்பதாம் தேதி கூட்டத்துக்கு வருகிறேன். மேடையில் நீயும் இருப்பாய் என்று அறிவிப்பில் போட்டிருக்கிறது. எல்லாரும் கேட்க, மே இருபதாம் தேதி நீ பார்த்த அந்த ஒருவர் உனக்கு யார் என்று கேட்பேன். முன்னறிவிப்பில்லாமல் வருவது உங்கள் வழக்கம். எனக்கு அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹேமநாதன்


அம்பாங்கான்.
24 ஆகஸ்ட் 2025

ஹேமநாதனுக்கு,

ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள்?

ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினீர்கள். என்னை நேராகப் பார்த்தீர்கள். நான் பதில் தயாரித்து வந்திருந்தேன். அந்தக் கேள்வி இந்தக் கூட்டத்துக்குப் பொருந்தாது என்று தலைவர் சொல்வதற்கு ஏற்பாடு செய்திருந்தேன். அதையும் ஒளிக்கவில்லை. ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சென்று கத்தியது. நீங்கள் பின்னால் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். மேடையிலிருந்து கடைசி வரிசை தெரியவில்லை.

கூட்டத்தை முடிக்கும்போது தலைவர் சொன்னார், பத்து லிண்டாங்கிலிருந்து எந்த ஆட்சேபமும் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள் என்று. என்னிடம்தான் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை.

மறுநாள் காலை அந்தப் படிவத்தை வாங்கினேன். கொடுத்த பெண்ணுக்கு ஷாமினி என்று பெயர், புதிதாகச் சேர்ந்த அதிகாரி. “இத யாருமே வாங்க மாட்டாங்க மேடம், எங்க இருக்குன்னு தேடணும்,” என்றாள். கோட்டுக்கு எதிரே நீங்கள் கேட்ட சொல்லை எழுதினேன். ‘தாய்’. என் கையெழுத்தில் அதைப் பார்க்க எனக்கே யாரோ எழுதியதுபோல இருந்தது.

என்ன நடக்கும் என்று சொல்லியிருந்தேனோ அது நடந்தது. மே மாதச் சோதனை செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். வேன் திங்கட்கிழமை முதல் மறுபடி ஓடும். புதிய சோதனை நடக்கும். எப்போது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். நிதிக்குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். உறவை மறைத்ததற்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இப்போது சரக்கறைப் பிரிவில் இருக்கிறேன். நாற்காலிகளுக்கு எண் ஒட்டுகிறோம்.

மதிய உணவு நேரத்தில் இரண்டு பேர் மேசைக்கு வந்து, மகனுக்கு என்ன வயது என்று கேட்டார்கள். இருபத்திரண்டு என்றேன். என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். விளக்குமாறு கட்டுகிறான் என்றேன். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ரஜனி


பத்து லிண்டாங் தோட்டம்.
12 அக்டோபர் 2025

ரஜனி,

நீ அதிகாரியாக இல்லாததால் உனக்குத் தகவல் வந்திருக்காது. ஆகவே தெரிவிக்கிறேன்.

செப்டம்பர் இறுதியில் ஒரு நாள் ஷாமினி என்ற அதிகாரி வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. அப்படியும் பதினேழு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதினார். மங்கம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். நேற்று முடிவு வந்தது. மையம் இங்கேயே இருக்கும். ஆனால் ‘சிக்கனம் கருதி’ நவம்பரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் இயங்கும். செவ்வாயும் வியாழனும் வேன் இல்லை, மையம் இல்லை. மற்றப் பதினெட்டுக் குடும்பங்களும் கோவிலில் தேங்காய் உடைத்தன. எனக்கு உடைக்கத் தோன்றவில்லை. ஐந்தை மூன்றாக்கியதற்கு நன்றி சொல்லும் இடத்தில் எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மூன்றை ஒன்றாக்குவார்கள். அப்போது அந்த அறையில் பேச யாரும் இருக்கமாட்டார்கள். நீ சொன்னது சரி. அதை ஒப்புக்கொள்வதால் என் கோபம் குறைந்துவிட்டதாக எண்ணவேண்டாம்.

ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்டிருந்தாய். வேன் இல்லாததால் ஷர்வினையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டத்துக்கு அழைத்து வந்திருந்தேன். கடைசி வரிசையில் மங்கம்மாவோடு இருந்தான். ஒலிபெருக்கி கத்தியதும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைத் தேடினான். நான் பேசினால் அது மறுபடி கத்தும். அவ்வளவுதான். உனக்காக உட்காரவில்லை.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் அவனை யாரிடம் விடுவது என்று பார்க்கவேண்டும். வியாழக்கிழமைக்கு மங்கம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவர் தன் மகள் வீட்டுக்குப் போகவேண்டும்.

ஹேமநாதன்


அம்பாங்கான்.
17 அக்டோபர் 2025

ஹேமநாதனுக்கு,

பதினேழு பேர் என்று படித்தபோது சரக்கறையில் யாரும் இல்லை. எண் ஒட்டிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன்.

என்னிடம் எடுக்காத விடுப்பு நிறைய இருக்கிறது. யாருக்காக எடுப்பது என்று விட்டுவைத்தது. செவ்வாய்க்கிழமைகளுக்குப் போதும், ஓய்வு பெறும்வரை கணக்குப் பார்த்துவிட்டேன்.

அட்டை இல்லாமல் வருவேன். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் பதில் எழுதவேண்டாம். தீபாவளிக்குப் பிறகும் அஞ்சல் வராவிட்டால் புரிந்துகொள்வேன்.

ரஜனி


பத்து லிண்டாங் தோட்டம்.
26 அக்டோபர் 2025

ரஜனி,

நான் உன்னை மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தை அப்படிப் படிக்கக்கூடாது என்பதற்காக முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் இருக்கமாட்டேன். ஆறு மணிக்கே தோட்டத்தின் மேற்குப் பிரிவுக்கு வேலைக்குப் போய்விடுவேன், நீ திரும்பியபிறகுதான் வருவேன். மதியச் சோறு அடுப்பின்மேல் இருக்கும். ரசத்தைச் சோற்றில் ஊற்றாதே, தனிக் கிண்ணத்தில் வை. பின்னாலிருந்து தொடாதே. மிக்ஸியைப் போடாதே. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். அதை உன்னைக் குறித்ததாக எடுத்துக்கொள்ளாதே, என்னையும் பார்ப்பதில்லை. ஈர்க்கு கொடுத்தால் வாங்கிக்கொள். அவன் கண் முன்னால் அதைக் கீழே வைத்துவிடாதே. மின்விசிறிக்காரன் வைத்துவிட்டான், அன்று முழுவதும் இவன் சாப்பிடவில்லை.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கிழமை எது என்று அவனுக்குத் தெரியாது. வேன் வராத நாளிலும் ஏழு மணிக்கெல்லாம் பையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றுவிடுவான். யார் அழைத்தாலும் உள்ளே வரமாட்டான். ஏதாவது ஒரு வண்டி வந்து அவன் முன்னால் நிற்கும்வரை நிற்பான். மோட்டாரில் ஏறமாட்டான் என்றாலும் காரில் ஏறுவானா என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்குக் கார் வந்து பல காலமாகிறது. ஏறினால் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவா. வளைவுகளில் மெதுவாகப் போ.

நவம்பர் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை. தாமதிக்காதே. ஒவ்வொரு லாரிக்கும் ஓர் அடி முன்னால் வைக்கிறான்.

ஹேமநாதன்